ஒப்புதலுக்குக் காத்திருக்கிறது

ஜூன் 11, செவ்வாய்

சிறுதொழில் கருத்தரங்குக்குப் போய்விட்டு இப்போதுதான் வந்தேன். மண்டபத்தில் ஏசி வேலை செய்யவில்லை, கேசரி நன்றாக இருந்தது. அரசு அலுவலகங்களுக்கு வேண்டிய மென்பொருளை இனி உள்ளூர்ச் சிறு நிறுவனங்களிடம்தான் முதலில் கேட்பார்களாம். முன்வைப்புத் தொகை வேண்டாம், பழைய அனுபவச் சான்றிதழ் வேண்டாம். அதைக் கேட்டதும் என் பக்கத்தில் இருந்த ஜெராக்ஸ் கடைக்காரர்கூடக் கைதட்டினார்.

பத்தொன்பது வருடமாக லாலா கடைகளுக்கும் இரும்புக் கடைகளுக்கும் பில் போடும் மென்பொருள் எழுதிக்கொண்டிருக்கிறேன். அல்வா கிலோவுக்கு எவ்வளவு, கம்பி டன்னுக்கு எவ்வளவு. பெரிதாக ஒன்று செய்துவிட்டுத்தான் ஓய வேண்டும் என்று இன்று பேருந்தில் நினைத்தேன். வீட்டில் கணவர் தாவீதிடம் சொன்னேன். "செய்யேன், எஸ்தரு" என்று மட்டும் சொல்லிவிட்டுச் செய்தித்தாளைத் திருப்பினார்.

ஜூலை 3, புதன்

டெண்டர் ஒன்று வந்திருக்கிறது. அறுபத்து நான்கு பக்கம். இசக்கியப்பன் உட்கார்ந்து முழுவதையும் படித்தான். எங்கள் மூன்று பேர் கம்பெனியில் பொறுமையாகப் படிக்கத் தெரிந்தவன் அவன்தான். என்னிடம் வேலைக்குச் சேர்ந்து பதினொரு வருடம் ஆகிறது.

மணிக்கல்லாறு அணையில் நீர்மட்டம் ஏறும்போதும் கதவு திறக்கும்போதும் ஆற்றோரத்துப் பதினொரு ஊர்களுக்குத் தானாகவே போன் போக வேண்டும். குரல் அழைப்பும் குறுஞ்செய்தியும். அவ்வளவுதான் வேலை.

"இது பில் போடுத மாதிரி இல்லக்கா," என்றான் இசக்கியப்பன். "தப்பாப் போச்சுன்னா லாலா கடைக்காரர் திட்டுவாரு. இதுல யாரு திட்டுவா?"

"தப்பாப் போகாம எழுது" என்றேன்.

ஜூலை 22, திங்கள்

கிடைத்துவிட்டது! இரண்டாவது கம்பெனி ஏதோ படிவம் வைக்கவில்லையாம், தள்ளுபடி செய்துவிட்டார்கள்.

செயற்பொறியாளர் குற்றாலிங்கம் சாரைப் பார்த்தேன். ஐம்பது வயது இருக்கும். சட்டைப்பையில் இரண்டு பேனா. மரியாதையாகப் பேசுகிறார், எனக்கு நாற்காலியைக்கூட அவரே இழுத்துப் போட்டார்.

"பெரிய கம்பெனிக்காரன்னா எதுக்கெடுத்தாலும் எழுத்துல குடுங்கன்னு கேப்பான் மேடம். ஒரு கமாவ மாத்தக்கூட லெட்டர் கேப்பான். நீங்க நம்ம ஊர்க்காரங்க. வாயால சொன்னாப் போதும், செஞ்சிருவீங்க."

பெருமையாக இருந்தது. பேருந்து நிலையத்தில் இறங்கி அரை கிலோ மிக்சர் வாங்கினேன், ஆபீசில் எல்லோருக்கும்.

ஆகஸ்ட் 2, வெள்ளி

அணைக்குப் போனோம். கதவுகளைப் பார்த்துக்கொள்ளும் லஸ்கர் பெயர் பிச்சுமணி. காது மடலில் முடி. இருபத்தாறு வருடமாக அங்கேதான் இருக்கிறார். அளவுக்கல்லைப் பார்த்து அடிக்கணக்கைச் சொல்கிறார், கருவியும் அதையேதான் காட்டுகிறது. புதுக் கணினியைத் தொடவே பயந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து, மட்டத்தை எப்படிப் பதிவது, எந்தப் பொத்தானை அழுத்தினால் ஊர்களுக்குப் போன் போகும் என்று காட்டினேன். நான்காவது தடவை அவரே செய்தார்.

"இத அமுக்கினா புன்னைவிளாகத்துல போன் அடிக்குமாம்மா?"

"பதினொரு ஊர்லயும் அடிக்கும் அண்ணாச்சி. அரை நிமிஷத்துல."

"நல்ல காரியம்," என்றார். "தண்ணி என்ன மீட்டிங் போட்டுட்டா வருது?"

திரும்பும் வழியில் செருப்பு அறுந்துவிட்டது.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

குற்றாலிங்கம் சார் ஒரு சின்ன மாற்றம் கேட்டார். செய்துவிடலாம். மிக்சி ரிப்பேருக்குப் போனது இன்னும் வரவில்லை, மூன்று நாளாகக் கடையில் சட்னி வாங்கிக்கொண்டிருக்கிறோம்.

செப்டம்பர் 3, செவ்வாய்

இசக்கியப்பனுக்கும் எனக்கும் வாக்குவாதம். ரெஜினா, கணக்கையும் போன் அழைப்புகளையும் பார்த்துக்கொள்பவள், தலையைக் குனிந்தபடி தட்டச்சு செய்துகொண்டே இருந்தாள்.

சார் கேட்ட அந்த மாற்றம் இவ்வளவுதான். பிச்சுமணி அண்ணாச்சி பொத்தானை அழுத்தியதும் போன் போகாது. முதலில் சாரின் கைப்பேசிக்கு ஒரு கேள்வி போகும். அவர் 'சரி' என்று அழுத்திய பிறகுதான் ஊர்களுக்குப் போகும். சார் காரணம் சொன்னார், நியாயமாகத்தான் பட்டது. இரண்டு வருடத்துக்கு முன் யாரோ அவசரப்பட்டுச் சொல்லி, பதினொரு ஊரும் பாயும் பாத்திரமுமாக மேட்டுக்குப் போய், மூன்று நாள் உட்கார்ந்திருந்து, தண்ணீரே வரவில்லை. பத்திரிகையில் எழுதினார்கள். மேலிடத்தில் அவரைக் கூப்பிட்டு வைத்துத் திட்டினார்களாம். அதைச் சொல்லும்போது அவர் குரல் மாறியது.

"அவரு தூங்கிட்டாருன்னா? சிக்னல் இல்லன்னா?" என்றான் இசக்கியப்பன். "பதினஞ்சு நிமிஷம் பதில் வரலன்னா தானாப் போயிரும்னு ஒரு வரி சேத்துருதேன்க்கா."

அதையும் சாரிடம் கேட்டேன். வேண்டாம் என்றார். தானாகப் போனால் அப்புறம் ஒப்புதல் எதற்கு என்றார்.

"எழுத்துல வாங்குங்க" என்றான் இசக்கியப்பன்.

வாங்குகிறேன் என்று சொன்னேன். நம் ஊர்க்காரர், எங்கே ஓடிவிடப் போகிறார்.

செப்டம்பர் 14, சனி

ஒப்படைப்பு விழா. சால்வை போர்த்தினார்கள். 'சிறு நிறுவனத்தின் பெரிய சாதனை' என்று பதாகை, என் பெயரில் ஒரு எழுத்துப்பிழை. சாப்பாட்டுக்கு முன் சார் நீட்டிய ஒரு கடிதத்தில் கையெழுத்துப் போட்டேன். வழக்கமானதுதான். பருப்புப் பாயசத்தில் முந்திரி அதிகம்.

அக்டோபர் 1, செவ்வாய்

ஆபீஸ் கூரை ஒழுகுகிறது. கீழே தையல் கடைக்காரர் வந்து சத்தம் போட்டார். யுபிஎஸ் மேல் பிளாஸ்டிக் தாள் போட்டு மூடியிருக்கிறோம்.

நான்கு அணைகளுக்கு இதே மென்பொருள் வேண்டும் என்று பேச்சு இருப்பதாகக் குற்றாலிங்கம் சார் சொன்னார். இன்னும் நான்கு பேரை வேலைக்கு எடுக்க வேண்டும். உட்கார இடம் எங்கே?

அக்டோபர் 19, சனி

முதல் மழை. மதியம் ஒன்று இருபதுக்கு ஒரு கதவு அரை அடி திறந்தார்கள். பிச்சுமணி அண்ணாச்சி சரியாகப் பதிந்திருக்கிறார். ஆபீசில் நானும் இசக்கியப்பனும் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தோம். 'ஒப்புதலுக்குக் காத்திருக்கிறது.' ஐந்து நிமிடம். இருபது நிமிடம். இசக்கியப்பன் முன்னால் இருந்த டீ ஆறிப்போனது. நாற்பத்தோராவது நிமிடத்தில் 'சரி' வந்தது.

தண்ணீர் குறைவு. ஒன்றும் ஆகவில்லை.

சாருக்குப் போன் செய்தேன். "நெட்வொர்க் மேடம்" என்றார். பின்னால் யாரோ சிரிக்கும் சத்தம் கேட்டது, ஏதோ விசேஷ வீடு போல.

மின்னஞ்சல் ஒன்று அடித்தேன். நாற்பத்தொரு நிமிடம் தாமதமானது, இது ஆபத்து, பதினைந்து நிமிட விதியைச் சேர்க்க எழுத்தில் அனுமதி வேண்டும் என்று. படித்துப் பார்த்தேன். கொஞ்சம் கடுமையாக இருந்தது. திங்கட்கிழமை திருத்தி அனுப்பலாம்.

அக்டோபர் 23, புதன்

நான்கு அணை விஷயமாகக் கோப்பு மேலே போயிருக்கிறதாம். இந்த நேரத்தில் புகார் மாதிரி ஒன்றை அனுப்பினால் நன்றாக இருக்காது. மழை முடியட்டும்.

நவம்பர் 8, வெள்ளி

இசக்கியப்பன் என்னைக் கேட்காமல் அந்தப் பதினைந்து நிமிட விதியை எழுதித் தனியாக வைத்திருக்கிறான். "நீங்க ஒரு வார்த்த சொன்னா அஞ்சு நிமிஷத்துல ஏத்திருதேன்" என்றான். ஒப்பந்தத்தில் இல்லாததை ஏற்றினால் நாளைக்கு நம்மைத்தான் கேட்பார்கள் என்று சொன்னேன்.

"அக்கா, நீங்க யாருக்குப் பயப்படுதீங்க?"

அவன் மூன்று மணிக்கே வீட்டுக்குப் போய்விட்டான்.

நவம்பர் 21, வியாழன்

மழை.

நவம்பர் 22, வெள்ளி

நேற்று அதற்கு மேல் எழுத முடியவில்லை.

காலை ஒன்பது நாற்பதுக்கு நான்கு கதவுகளையும் திறந்தார்கள். ஒன்பது நாற்பத்தொன்றுக்குப் பிச்சுமணி அண்ணாச்சி பொத்தானை அழுத்தினார். ஊர்களுக்குப் போன் போனது பதினொன்று இருபத்தைந்துக்கு.

தண்ணீர் புன்னைவிளாகம் தரைப்பாலத்தை எட்டியது பத்து ஐம்பதுக்கு. பாலத்தில் மூன்று பேர் இருந்தார்கள். ரேஷன் வாங்கிவிட்டு வந்த கணவன் மனைவி. மாட்டுக்குத் தவிடு வாங்கிக்கொண்டு சைக்கிளில் வந்த ஒருவர். கணவன் மனைவியின் உடல்கள் நேற்று மாலையே கிடைத்துவிட்டன. சைக்கிளில் வந்தவருடையது இன்று காலை.

பத்து மணியிலிருந்து நான் சாரின் எண்ணுக்கு இருபத்திரண்டு தடவை அடித்தேன். அலுவலகத்துக்கு அடித்தபோது உதவியாளர் சொன்னார்: சார் பருவமழை முன்னேற்பாட்டுக் கூட்டத்தில் இருக்கிறார், கைப்பேசிகளை வெளியே டிரைவரிடம் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அந்தக் கூட்டத்தில் எங்கள் மென்பொருளைப் பற்றிப் படம் போட்டுக் காட்டினார்களாம். நல்ல கைதட்டலாம். அது முடிந்து வெளியே வந்துதான் சார் 'சரி' அழுத்தியிருக்கிறார்.

இசக்கியப்பன் என் மேசைக்கு முன்னால் நின்றான். "இப்பவாச்சும் ஏத்தவாக்கா?" என்று கேட்டான். மணி பத்து பன்னிரண்டு.

கொஞ்சம் பொறு, சார் எடுத்துவிடுவார் என்றேன்.

நவம்பர் 23, சனி

இசக்கியப்பன் வரவில்லை. மேசை இழுப்பறையில் சாவியை வைத்துவிட்டுப் போயிருக்கிறான்.

நவம்பர் 25, திங்கள்

பத்திரிகையில் வந்துவிட்டது. 'அனுபவமற்ற சிறு நிறுவனத்தின் மென்பொருள் கோளாறு.' கீழே தையல் கடைக்காரர் அதைப் படித்துவிட்டு, என்னைப் பார்த்ததும் மடித்து வைத்தார்.

குற்றாலிங்கம் சார் வீட்டுக்கே வந்தார், தனியாக. தாவீது காபி போட்டுக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார். சார் காபியைத் தொடவில்லை. அவர் தூங்கிப் பல நாள் ஆகியிருக்கும் போலத் தெரிந்தது.

"விசாரணை வைக்காங்க மேடம். சர்வர் ரெண்டு மணி நேரம் நின்னுபோச்சுன்னு ஒரு விளக்கம் குடுத்துருங்க. மழை, கரண்ட்டு. யாரையும் குத்தம் சொல்ல முடியாது. சின்னக் கம்பெனி, முதல் வேலை. எச்சரிக்கையோட விட்டுருவாங்க. அந்த நாலு அணையும் எங்கயும் போகாது, நான் பொறுப்பு."

சர்வர் ஒரு நொடிகூட நிற்கவில்லை என்றேன்.

அப்போதுதான் அந்தக் கடிதத்தின் நகலை எடுத்து மேசையில் வைத்தார். மிரட்டுவது போல இல்லை. கெஞ்சுவது போலத்தான் இருந்தது.

என்ன கடிதம் என்று செப்டம்பரில் நான் இங்கே எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன். 'ஒப்புதல் படியினை எங்கள் தொழில்நுட்ப ஆலோசனையின் பேரில், நாங்களே முன்மொழிந்து சேர்த்துள்ளோம். அதன் செயல்பாட்டுக்கு நிறுவனமே முழுப்பொறுப்பு.' பாயசத்துக்கு முன்னால் நின்றுகொண்டே படித்தேன். படிக்காமல் கையெழுத்துப் போட்டேன் என்று யாரிடமும் சொல்ல முடியாது.

நவம்பர் 28, வியாழன்

கேஸ் சிலிண்டர் வந்தது.

டிசம்பர் 1, ஞாயிறு

கோவில் ஆராதனைக்குப் போகவில்லை. சர்வர் நின்றதாக ஒரு விளக்கக் கடிதம் அடித்துப் பார்த்தேன். ஒரு பக்கம்தான். நன்றாகவே எழுதியிருந்தேன், எனக்கே நம்பும்படி இருந்தது. அடித்த பிறகு பதிவேட்டில் ஒன்பது நாற்பத்தொன்று முதல் பதினொன்று இருபத்தைந்து வரை உள்ள வரிகளை அழிக்க எவ்வளவு நேரமாகும் என்றும் பார்த்தேன். இரண்டு நிமிடம் ஆகும்.

தாவீது பின்னால் வந்து நின்றதைக் கவனிக்கவில்லை.

"ரெஜினா சம்பளத்துக்கு, வாடகைக்கு, எல்லாத்துக்கும்தான் யோசிக்கேன்" என்றேன்.

"நான் ஒண்ணும் கேக்கலியே" என்றார். சாப்பிடக் கூப்பிட்டார். போனேன். அழிக்கவில்லை.

டிசம்பர் 3, செவ்வாய்

இசக்கியப்பன் வீட்டுக்குப் போனேன். அவன் மனைவி உள்ளே வரச் சொன்னாள், அவன் வாசலிலேயே நின்று பேசினான். பதிவேட்டின் பிரதி ஒன்று தன்னிடம் இருப்பதாகச் சொன்னான். இருபத்தோராம் தேதியே எடுத்துவிட்டானாம்.

"என்ன நம்பலியா?" என்று கேட்டேன்.

அவன் செருப்பைப் பார்த்தான். "இல்லக்கா" என்றான்.

டிசம்பர் 5, வியாழன்

விசாரணை. பழைய கட்டடம், நீள மேசை. விசாரணை அதிகாரி ஒரு அம்மாள், மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கழற்றி மாட்டினார். நடந்ததை முதலிலிருந்து சொன்னேன். ஒப்புதல் படியைக் கேட்டது யார், எழுதியது யார், கடிதம் எப்படி வந்தது, நான் அனுப்பாமல் வைத்திருந்த மின்னஞ்சல், பத்து பன்னிரண்டுக்கு இசக்கியப்பன் கேட்ட கேள்வி, நான் சொன்ன பதில். பதிவேட்டைக் கொடுத்தேன். மேசையின் மறுமுனையில் குற்றாலிங்கம் சார் ஒரு பேனாவைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

"இதெல்லாம் எழுதினா மொதல்ல நீங்கதாம்மா மாட்டுவீங்க. தெரியுதா?" என்றார் அந்த அம்மாள்.

"எழுதிக்கிடுங்க" என்றேன்.

தட்டச்சர் அடித்துக் கொண்டுவந்த தாளில் 'மென்பொருளில் ஏற்பட்ட தாமதத்தினால்' என்று இருந்தது. நான் அப்படிச் சொல்லவில்லை என்றேன். மறுபடி அடித்தார்கள். 'ஒப்புதல் பெறுவதில் ஏற்பட்ட தொழில்நுட்பத் தாமதம்.' அதுவும் இல்லை என்றேன். மூன்றாவது தடவை அந்த அம்மாளே தட்டச்சர் பக்கத்தில் போய் நின்று, வரி வரியாக வாசித்து அடிக்கவைத்தார். கையெழுத்துப் போடும்போது மணி நான்கு.

வெளியே மரத்தடியில் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தார். வயது முப்பத்தைந்து இருக்கும். பெயர் வடிவு. சைக்கிளில் தவிடு கொண்டு வந்தவரின் மனைவி. சாட்சி சொல்ல வந்திருக்கிறார்.

"நீங்கதான் அந்தப் பொட்டி செஞ்சவங்களா?"

ஆமாம் என்றேன்.

"உள்ள யாரு மேல தப்புன்னு சொன்னீங்க?"

"என் மேலயும்" என்றேன்.

அழுவார் அல்லது திட்டுவார் என்று நினைத்தேன். "எங்க ஊருப் பக்கம் வந்துராதீங்க" என்றார். அவ்வளவுதான். முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தார். அதே பேருந்தில்தான் நானும் ஏற வேண்டியிருந்தது. அடுத்ததில் வந்தேன்.

டிசம்பர் 11, புதன்

உத்தரவு வந்தது. ஐந்து வருடத்துக்கு எந்த அரசு டெண்டரிலும் கலந்துகொள்ளக்கூடாது. வழக்கு தனியாக நடக்கும். குற்றாலிங்கம் சாருக்குத் தற்காலிகப் பணிநீக்கம். அணையின் மென்பொருளுக்கான எங்கள் கடவுச்சொல்லை இன்று காலையே மாற்றிவிட்டார்கள்.

இரண்டு லாலா கடைகள் வேறு ஆளிடம் போய்விட்டன. ஒரு இரும்புக் கடைக்காரர் மட்டும், "நீ ஒழுங்காச் சொல்லிட்டியாம்லா, கேள்விப்பட்டேன்" என்று சொல்லி இரண்டு வருட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். ரெஜினா இருக்கிறாள். இசக்கியப்பன் வரமாட்டான், நானும் கூப்பிடவில்லை.

டிசம்பர் 13, வெள்ளி

புது மென்பொருளுக்கு இன்னும் டெண்டரே விடவில்லையாம். அதுவரை பழையதுதான் ஓடுமாம். ஒப்புதல் கேள்வி இப்போது யாருக்குப் போகிறது? பணிநீக்கத்தில் இருக்கும் சாருடைய எண்ணுக்குத்தான். அதை மாற்ற அங்கே யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும், நான் தொடக்கூடாது.

பதிவுத் தபாலில் எழுதினேன். விசாரணை அதிகாரிக்கும் அலுவலகத்துக்கும் ஆட்சியருக்கும் தனித்தனியாக. நேரிலும் போனேன். தபால் பிரிவில் முத்திரை குத்தி வாங்கிக்கொண்டார்கள். உள்ளே யாரையும் பார்க்க விடவில்லை. திங்கட்கிழமை முதல் கனமழை என்கிறார்கள்.

டிசம்பர் 16, திங்கள்

இரண்டே முக்காலுக்குப் பிச்சுமணி அண்ணாச்சி அழைத்தார். மழைச் சத்தத்தில் கத்திப் பேசினார்.

"அம்மா, மூணு கதவு தொறக்கச் சொல்லிட்டாங்க. பொத்தான அமுக்கிட்டேன். காத்திருக்குதுன்னே நிக்கு. ஆபீசுல கேட்டா, சொல்லியாச்சு சொல்லியாச்சுங்காங்க. யாருகிட்ட சொன்னாங்கன்னு தெரியல. நான் கதவுல நிக்கணும், போன் பேச முடியாது. ஊருக்கு ஒரு நம்பர் சொல்லுதேன், எழுதிக்கிடுங்க. நீங்க கூப்பிடுங்க."

பதினொரு எண்களையும் எழுதினேன். ஐந்தாவதை மறுபடி கேட்டு வாங்கினேன். பட்டியலில் கீழே இருந்த எண்களை ரெஜினாவிடம் கொடுத்தேன். மேலே இருந்தவற்றை நான் எடுத்துக்கொண்டேன். நான் யார் சொல்வதற்கு? எந்த அலுவலகத்திலிருந்து பேசுகிறேன் என்று கேட்டால் என்ன சொல்வது? யோசிக்க நேரமில்லை.

புன்னைவிளாகத்துக்குத்தான் முதலில் அடித்தேன். நான்காவது மணியில் எடுத்தார்கள்.

"யாரு?"

குரல் தெரிந்தது. மரத்தடியில் கேட்ட அதே குரல். புன்னைவிளாகத்துக்கு என்று அண்ணாச்சி சொன்னது வடிவின் எண்.

என் பெயரைச் சொன்னேன். மறுமுனையில் மழைச் சத்தம் மட்டும்தான் கேட்டது. வைத்துவிடுவார் என்று பயந்து வேகமாகச் சொன்னேன்: "மூணு கதவு தொறந்துட்டாங்க. ஒரு மணி நேரத்துல தரைப்பாலத்துக்குத் தண்ணி வந்துரும். யாரையும் பாலத்துல விடாதீங்க. கீழத்தெரு ஆளுங்கள மேட்டுக்குப் போகச் சொல்லுங்க. இப்பவே."

கைப்பேசியை வாயிலிருந்து விலக்கி அவர் கத்துவது கேட்டது. "ஏ பேச்சியம்மா! பிள்ளைகளக் கூட்டிட்டு மேல ஏறு! பாலத்துல கயிறக் கட்டச் சொல்லு!" ஓடும் சத்தம். தொடர்பு அறுந்தது.

மற்ற ஊர்களுக்கும் சொல்லி முடித்தபோது மணி மூன்றேகால். இரண்டு ஊரில் திட்டினார்கள். ஒரு ஊரில் நம்பவே இல்லை, ரெஜினா அழுதுகொண்டே மறுபடி மறுபடி அடித்தாள். அங்கேயும் கடைசியில் கிளம்பினார்கள்.

மூன்று ஐம்பத்தெட்டுக்குத் தரைப்பாலம் மூழ்கியது. அலுவலகத்திலிருந்து ஊர்களுக்குச் செய்தி இன்னும் போகவில்லை.

ஐந்து மணிக்கு வடிவு அழைத்தார். பள்ளிக்கூடத்தில் இருக்கிறார்களாம். தலையை எண்ணிவிட்டார்களாம், எல்லோரும் இருக்கிறார்கள். பின்னால் குழந்தைகள் சத்தம்.

"ஒங்க நம்பரப் போன்ல போட்டு வச்சிருக்கேன்," என்றார். "பேரு போடல. தண்ணின்னு போட்டிருக்கேன். அடிச்சா எந்நேரம்னாலும் எடுப்பேன். வேற எதுக்கும் கூப்பிடாதீங்க."

சரி என்றேன்.

கைப்பேசியைச் சார்ஜில் போட்டிருக்கிறேன். மழை விடவில்லை.